திரும்பி வரும் தட்டு

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. என் தொழில்ல வேலை செய்யும்போது பயமில்லை, வேலை முடிஞ்ச பிறகுதான் பயம். சமைச்ச தட்டு உள்ளே போகும். நாம கதவுக்கு இந்தப் பக்கம் கரித்துணியைப் பிசைஞ்சுக்கிட்டு நிற்போம். அது எப்படித் திரும்பி வருதுன்னு பார்க்கிற வரைக்கும் அடுத்த வேலையில் கை வைக்க முடியாது. புருஷனுக்குச் சமைச்சவங்க, மாமியாருக்குச் சமைச்சவங்க, காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைக்குக் கஞ்சி வச்சவங்க, உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாம எல்லாரும் ஒரே கூட்டம்தான்.

நான் ஆம்பூர்ல ஒரு தோல் பதனிடற ஷாப் முதலாளி வீட்டுச் சமையல்காரன். பேர் காதர், ஊருக்கே சாச்சா, சித்தப்பா முறை. வீட்டாளுங்க, தோல் வாங்க வர்றவங்க, பதனிட ஆவாரம்பட்டை விற்க வர்றவங்க, எல்லாருக்கும் என் அடுப்புதான். முதலாளிக்கு ஒரே மகள், மெஹர். அது பொறந்தப்போ முதலாளி சம்சாரம் பீபியம்மாவுக்கு விஷக்காய்ச்சல். என் பெண்சாதிதான் எங்க பையனோட சேர்த்து அதுக்கும் பால் கொடுத்தா. எங்க முறைப்படி பால் கொடுத்த வீடும் பெத்த வீடும் ஒண்ணு. அதனால மெஹர் என் முன்னாடி முக்காடு இழுத்து மறைய வேண்டியதில்லை. என் அடுப்படியிலேயே தவழ்ந்து, என் தட்டிலேயே கை விட்டு வளர்ந்த பொண்ணு. நான் சொல்லப்போற பயமெல்லாம் அந்தப் பொண்ணுக்காகப் பட்டது.

பூப்போட்ட சீனாத் தட்டு

மெஹருக்கு மாப்பிள்ளை அரக்கோணத்துப் பையன், சலீம். ரயில்வே கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவான அவங்கப்பாவுக்கு எட்டுப் பிள்ளைங்க, எல்லாம் ஆம்பிளைங்க, இவர் ஆறாவது. பட்டணத்தில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தார். அவர் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் சொன்ன அழகில் மயங்கி, எங்க முதலாளி பணக்கார வீடு எதையும் தேடாமல் பெண்ணைக் கொடுத்துட்டார். கல்யாணம் முடிஞ்சா எங்க பக்கம் ஜும்மாகின்னு ஒரு வழக்கம். அடுத்தடுத்த அஞ்சு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் விருந்து. அஞ்சாவது முடிஞ்சதும் பெண்ணை அழைச்சுக்கிட்டுப் போவாங்க.

முதல் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிஞ்சு வந்தார். விரிச்ச துணி மேல அவருக்கு மட்டும் பூப்போட்ட சீனாத் தட்டு. சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய், கோழி வறுவல், ஈரல் கலேஜி, தயிர்ப் பச்சடி, இனிப்புக்கு மக்கன் பேடா. முதுகுக்கு வெல்வெட் திண்டு. ஒரு பக்கம் முதலாளி விசிறியோட நின்னார், இன்னொரு பக்கம் அவர் தம்பிங்க ரெண்டு பேர் கைகட்டி நின்னாங்க. பர்தாத் திரைக்குப் பின்னால பீபியம்மா. மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் வீட்டில் ஒருத்தரும் வாயில் தண்ணி படவிடக்கூடாது, அது மரியாதை. அவர் தலையைக் குனிஞ்சு மூணு கவளம் எடுத்தார். நாலாவதைக் கையிலேயே வச்சிருந்தார். அப்புறம் அதைத் தட்டிலேயே வச்சுட்டு, "போதும், அல்ஹம்துலில்லா"ன்னு கை கழுவப் போய்ட்டார்.

தட்டு திரும்பி வந்தது. பிரியாணி மேல இருந்த நல்லி எலும்பு நான் வச்ச இடத்திலேயே, நான் வச்ச பக்கமாவே கிடந்தது. எங்க ஊர்ல புது மாப்பிள்ளை சாப்பிடலைன்னா அதுக்கு அர்த்தம் வேற. மனசுல குறைன்னு அர்த்தம். சீர்ல குறை, இல்லை பொண்ணுல குறை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மாப்பிள்ளை இப்படித்தான் ரெண்டு விருந்து கொறிச்சுட்டுப் போனார், மூணாவதுக்கு வரவேயில்லை. அந்தப் பொண்ணு இன்னும் அப்பன் வீட்டில்தான் இருக்குது. பர்தாவை விலக்கிக்கிட்டு வந்த பீபியம்மா முகம் வெளுத்திருந்தது. தட்டைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "காதர் பாய், நாம மருமகனுக்கு விருந்து வச்சோமா, காக்காய்க்குச் சோறு வச்சோமா?"

பஞ்சம் பார்த்த வாய்

திரும்பி வந்த சோற்றை நான் கொட்டுறதில்லை. ஷாப்பில் தோல் ஊறற சுண்ணாம்புக் குழி மேஸ்திரி முனுசாமிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாதனூர்க்காரர். அவர் சாப்பிடறதைப் பார்த்தா சமைச்சவனுக்கு ஆயுசு கூடும். பழசு, புதுசு, காரம், உப்பு கம்மி, எதுவும் சொல்ல மாட்டார். கத்திரிக்காய்க் காம்பை மெல்லுவார். கோழி எலும்பைப் பொடியாக்கி முழுங்குவார். கடைசியில் ஒரு கைச் சோற்றை இலையில் மடிச்சு மடியில் செருகிக்குவார். சாயங்காலம் அதைத் தின்பாரான்னா, இல்லை. சில நாள் அது அங்கேயே புளிச்சுப்போகும். ஆனா மடியில சோறு இல்லாம அவரால நடக்க முடியாது. பெரிய பஞ்சத்தில் நாலஞ்சு வயசுப் பையனா இருந்தவர். சின்ன வயசுல மெஹர் ஷாப்புக்கு ஓடிப்போய் இவர் தூக்குல இருந்த கேழ்வரகுக் களியையும் கருவாட்டையும் பிடுங்கித் தின்னும். அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் அந்த மனுஷன் தூக்கை நீட்டுவார்.

அன்னைக்கு மாப்பிள்ளை விட்ட பிரியாணியைத் தின்னுக்கிட்டே, "மாப்ளையும் இல்லாத வூட்டுப் புள்ளதானே சாச்சா? நெய்யைக் கண்டு வயிறு மிரளுதோ இன்னாமோ"ன்னார். எனக்கு அது சரியாப் பட்டது. ரெண்டாவது வெள்ளிக்கிழமை, முதலாளியைக் கேட்காமலே, வெள்ளைச் சோறு, பருப்பு, ஒரு கீரை, வறுத்த கருவாடுன்னு வச்சேன். முதலாளி முகம் செங்கல் மாதிரி ஆயிடுச்சு. மாப்பிள்ளை எதிரில் கத்த முடியாம விசிறியை வேகமா வீசினார். மாப்பிள்ளை மூணு கவளம். "போதும்." நான் ஓடிப்போய் முனுசாமியிடம் அழாத குறையாச் சொன்னேன், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத வீட்டுச் சோறும் இறங்கலையேன்னு. அவர் மடியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "அப்போ அவுரு எங்காளு இல்ல சாச்சா. எங்க வூட்ல ருசியா இருக்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல, இருக்குதான்னுதான் கேப்போம்."

மண்டிக்காரர் உருண்டை

அந்த வாரம் வேலூர் லாங் பஜாரிலிருந்து முதலாளியோட தோஸ்த் ஒருத்தர் வந்தார், அரிசி மண்டிக்காரர். மீசை காது வரைக்கும். மூட்டையைக் குத்தூசியால ஒரு குத்துக் குத்தி, கையில் கொட்டற அரிசியை வச்சு எந்த ஊர் நெல்லுன்னு சொல்ற ஆள். அவர் குரல் கேட்டா வண்டி மாடு நிற்கும். அவர் சாப்பிட உட்கார்ந்தா மட்டும் முதலாளி எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு என்னை மட்டும் கூப்பிடுவார். காரணம் இதுதான்: அந்த மனுஷனுக்குப் பிசைஞ்சு உருட்டி வச்சாத்தான் சோறு இறங்கும். அவங்க அம்மா, ஏழு பிள்ளை போய் மிஞ்சின ஒரே பிள்ளைன்னு, தாடி முளைக்கிற வரைக்கும் ஊட்டிவிட்டாங்களாம். அம்மா மௌத்தாகி வருஷம் எத்தனையோ ஆச்சு. கை மட்டும் இன்னும் பிசையக் கத்துக்கலை. நான் எலுமிச்சங்காய் அளவில் உருட்டி வரிசையா வைப்பேன். அவர் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுக்குவார்.

பயந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வழி மாதிரித் தெரியும். சரி, எட்டுப் பிள்ளையில் இவர்தான் அம்மா செல்லமோ என்னமோன்னு நினைச்சேன். பீபியம்மாவும் "ஆமாம் ஆமாம், அப்படித்தான் இருக்கும்"ன்னாங்க. மூணாவது வெள்ளிக்கிழமை பிரியாணியைப் பதமாப் பிசைஞ்சு, கறியை நாராக் கிழிச்சு உள்ளே வச்சு, உருண்டை பிடிச்சு அடுக்கினேன். முதலாளி மண்டி போட்டு உட்கார்ந்து, "பிஸ்மில்லா, வாயைத் திறங்க மாப்பிள்ளை"ன்னு முதல் உருண்டையை நீட்டினார். மாப்பிள்ளை மிரண்டுபோய் வாயைத் திறந்துட்டார். உள்ளே போன உருண்டை தொண்டையில் நின்னு, இருமி, கண்ணில் தண்ணி வந்து, முதலாளி தம்பிங்க ரெண்டு பேரும் முதுகில் தட்டி, ஒரே களேபரம். ஒருவழியா மூச்சு வந்ததும் அவர் ரொம்ப மரியாதையாச் சொன்னார்: "மாமா, எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு."

கைக்குட்டை ஏஜெண்டு

அதுக்குள்ள தெரு முழுக்கப் பேச்சு. மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கலையாம். தண்ணி எடுக்கிற இடத்தில், மசூதி வாசலில், என் காது படவே பேசினாங்க. பீபியம்மா ஆற்காட்டிலிருந்து வேற சமையல்காரனை வரவழைக்கப் போறதாச் சொன்னாங்க. அது எனக்கு வலிச்சது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதைவிட வலிச்சது, மெஹர் சாப்பாட்டை நிறுத்திக்கிட்டதுதான். யார் தட்டிலும் கை விடற பொண்ணு, எதைக் கொடுத்தாலும் "இது இன்னா சாச்சா, புதுசா இருக்கே"ன்னு வாயைத் திறக்கிற பொண்ணு, இப்போ அடுப்படி வாசப்படியில் உட்கார்ந்து அப்பளத்தை ஒடிச்சு ஒடிச்சுத் தட்டில் போட்டுக்கிட்டிருந்தது. தட்டு ரெண்டு திரும்பி வர ஆரம்பிச்சா நான் எங்கே போவேன்?

அப்போதான் தோல் வாங்கப் பட்டணத்து ஏஜெண்டு ஒருத்தர் வந்தார். கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர். மீன் நாத்தம் அவருக்கு அத்தர். எங்க ஊர்த் தோல் நாத்தம் மட்டும் ஆகாது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அதைத் தூக்கித் தூக்கித்தான் கவளத்தை உள்ளே தள்ளுவார். எங்களுக்கு அந்த வாசம் மூக்கில் ஏறுறதேயில்லை, அதுலேயே பொறந்தவங்க. அவரைப் பார்த்ததும், மாப்பிள்ளைக்கும் இந்த நாத்தம்தான் ஆகலைன்னு எனக்குப் பளிச்சுன்னு விளங்கிப்போச்சு. நாலாவது வெள்ளிக்கிழமை ஜன்னலெல்லாம் வெட்டிவேர்த் தட்டி கட்டினோம். மூலைக்கு மூலை சாம்பிராணி. முதலாளி தன் கையாலேயே விரிப்பில் அத்தர் தெளிச்சார். புகையில் தட்டு எது, மாப்பிள்ளை எதுன்னு தெரியலை. பிரியாணியே சந்தனக்கூடு வாசனை அடிச்சது. மாப்பிள்ளை இந்தத் தடவை ஒரே கவளத்தோட எழுந்துட்டார். கொல்லைப் பக்கம் வந்து என் பக்கத்தில் நின்னு, ஷாப்புப் பக்கமிருந்து வந்த காத்தை நல்லா இழுத்து விட்டார். "சாச்சா, நான் தோல் கிடங்குல மூட்டை மேலயே படுத்துத் தூங்கினவன். இன்னைக்குத்தான் எனக்கு மூச்சு முட்டுச்சு."

அரக்கோணத்துச் சஹன்

முதலாளி முடிவு பண்ணிட்டார். அஞ்சாவது வெள்ளிக்கிழமையும் தட்டு இப்படியே வந்தா, ஜமாத்துப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு அரக்கோணம் போய், "என்ன குறை, சொல்லுங்க"ன்னு நேராகக் கேட்டுடறதுன்னு. பெரியவங்க நடுவில் வந்து உட்கார்ந்து குறை என்னன்னு கேட்டா, இல்லாத குறையும் அங்கே முளைக்கும். எத்தனை கல்யாணம் அப்படி அத்துப்போயிருக்கு. அதுக்கு முன்னாடி, மக்கன் பேடா கூடையோட என்னை அனுப்பினாங்க, சும்மா கொடுக்கிற மாதிரிக் கொடுத்துட்டு முகத்தைப் பார்த்துட்டு வான்னு. ரயிலில் போகும்போது கூடையை விட என் நெஞ்சுதான் கனமா இருந்தது.

அங்கே நல்ல மரியாதை. குறை இருக்கிற முகமே ஒண்ணுகூட இல்லை. திரும்பி வந்து முதலாளிகிட்ட அதைச் சொன்னேன். அவர் நம்பலை. "உள்ளுக்குள்ள வச்சிருப்பாங்க"ன்னு தாடியைத் தடவிக்கிட்டே போய்ட்டார். மெஹர் மட்டும் அடுப்படிக்கு வந்து, "அவங்க வீட்ல எப்படிச் சாப்பிட்டாங்க சாச்சா?"ன்னு கேட்டது. நாலு வாரமா இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. என்ன சாப்பிட்டாங்கன்னுதான் எல்லாரும் என்னைக் கேட்டாங்க.

நான் பார்த்ததைச் சொன்னேன். அவங்கம்மா நடுவில் ஒரே ஒரு பெரிய தாமிரச் சஹனை, நம்ம தாம்பாளம் மாதிரி, கொண்டுவந்து வச்சாங்க. வீட்டில் இருந்த பிள்ளைங்க எல்லாம் சுத்தி உட்கார்ந்தாங்க. "பிஸ்மில்லா"ன்னு ஒரு சத்தம். அப்புறம் கை எது யாருடையதுன்னு தெரியலை. ஒருத்தன் முழங்கையால் வரப்புக் கட்டறான். இன்னொருத்தன் அண்ணன் மேலே ஏதோ பூச்சின்னு காட்டிட்டு அவன் பக்கத்துக் கறியை எடுத்துட்டான். சிரிப்பு, திட்டு, மறுபடியும் சிரிப்பு. பாதியில் பெரியவன், "சலீம் இருந்திருந்தா இந்தப் பக்கம் இந்நேரம் காலி"ன்னான். அவங்கம்மா வாசப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க, திரும்பிக்கூடப் பார்க்கலை. நான் வேடிக்கைக் கதையாத்தான் சொன்னேன். மெஹர் சிரிக்கலை. கையிலிருந்த அப்பளத்தை முழுசா வாயில் போட்டு மென்னுது. அப்புறம் கேட்டது: "அந்தச் சஹன்ல நல்லி எத்தனை இருந்துச்சு சாச்சா?"

அஞ்சாவது வெள்ளிக்கிழமை

காலையிலேயே அந்தப் பொண்ணு வந்து, "நல்லி ஒண்ணே ஒண்ணு வைங்க. ஒண்ணுதான்"ன்னு சொல்லிட்டுப் போச்சு. மாப்பிள்ளை விருந்தில் ஒரு நல்லியா? ஆற்காட்டுச் சமையல்காரன் வந்து என் அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரி என் கண்ணுக்குத் தெரிஞ்சது. ஆனாலும் வச்சேன். பால் கொடுத்த வீட்டுக்காரனாச்சே, பொண்ணு பேச்சைத் தட்ட முடியலை. சீனாத் தட்டை அது தொடவிடலை. கல்யாணத்துக்கு நான் எடுக்கிற, ஈயம் பூசின என் பெரிய சஹனைக் கழுவிக் கொண்டுவந்து அதில் கொட்டச் சொன்னது. அப்பாவையும் சித்தப்பாமார் ரெண்டு பேரையும், "உங்களுக்கு மாடியில் போட்டாச்சு, சோறு ஆறுது"ன்னு சொல்லி மேலே அனுப்பிட்டுது. விசிறியைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு முதலாளி மாடிப்படியில் ஏறினது இன்னும் என் கண்ணில் நிக்குது.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். நான் சஹனை நடுவில் வச்சேன். அவர் நிமிர்ந்து, தட்டு மாறியிருக்கிறதைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் மெஹர் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பர்தாவுக்குப் பின்னால பீபியம்மா, "யா அல்லா"ன்னாங்க. எங்க வீட்டில் அந்த நாள் வரைக்கும் பொம்பளை ஆம்பிளையோட ஒரே தட்டில் உட்கார்ந்ததில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் கரித்துணியைக் கசக்கிக்கிட்டு நின்னேன். இன்னைக்குத் தட்டு திரும்பி வரும்போது கூடவே என்னென்ன திரும்பி வருமோன்னு கதவிடுக்கு வழியாப் பார்த்தேன்.

மாப்பிள்ளை பழையபடி குனிஞ்சு முதல் கவளத்தை உருட்டினார். மெஹர் வேகமாச் சாப்பிட ஆரம்பிச்சது. தன் பக்கம் முடிஞ்சதும் நடுப்பக்கம். நடுப்பக்கம் முடிஞ்சதும், கொஞ்சமும் கூச்சமில்லாம, அவர் பக்கம். அவர் கை பாதியில் நின்னது. மெஹர் கோழித் துண்டு ஒண்ணை எடுத்தது. அவர் பார்த்துக்கிட்டேயிருந்தார். இன்னொண்ணையும் எடுத்தது. அவர் முழங்கை மெதுவா நகர்ந்து சஹன் விளிம்பில் வந்து உட்கார்ந்தது, வரப்புக் கட்டற மாதிரி. எனக்கு அப்பவும் விளங்கலை. அரக்கோணத்தில் என் கண்ணாலேயே பார்த்ததுதான். மெஹர் சட்டுன்னு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அதோ, உங்கண்ணன்!"னுது. அவர் திரும்பினார். நல்லி போய்ட்டுது.

அவர் காலி இடத்தைப் பார்த்தார். மெஹர் சஹன் விளிம்பில் நல்லியைத் தட்டி, உள்ளே இருந்ததை ஒரே உறிஞ்சா உறிஞ்சு, வெறும் எலும்பை அவர் முன்னாடி வச்சது. அப்புறம் அந்த மனுஷன் சிரிச்ச சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டிருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுக்கிட்டார். அதுக்கப்புறம் கவளத்தை எண்ண என்னால முடியலை. கை எது யாருடையதுன்னே தெரியலை. பீபியம்மா பர்தாவைப் பிடிச்சுக்கிட்டு, "என் பொண்ணு மாப்பிள்ளை தட்டுல திருடறாளே காதர் பாய்!"னு அழவும் முடியாம சிரிக்கவும் முடியாம நின்னாங்க. மாப்பிள்ளை வாய் நிறையச் சோத்தோட பர்தா பக்கம் திரும்பினார். "திருடட்டும் மாமி. ஊரே நின்னு என் வாயைப் பார்த்தா எப்படி முழுங்கறது? சாச்சா, சோறு இன்னும் இருக்கா?"

இத்தனை வருஷம் உப்பையும் புளியையும் மாத்தி மாத்திப் போட்டுத் தட்டுக்குப் பயந்து செத்த நான் கரண்டியோட வாசலில் நிற்க, ஒரே எலும்பில் காரியத்தை முடிச்ச அந்தப் பொண்ணு அரக்கோணத்துக்கு வண்டி ஏறும்போது, அம்மா கட்டிக் கொடுத்த பூப்போட்ட சீனாத் தட்டை என் கையில் திணிச்சுட்டு, என் பெரிய சஹனைத் தூக்கிக்கிட்டுப் போய்ட்டுது.